வெள்ளைச் சட்டை போட்ட அப்பா

கடலில் நின்ற கப்பல் இரண்டாவது முறை ஊதியபோது என் கையில் சுக்கான் இருந்தது. லாஞ்சுப் படகின் மூக்கு சேற்றுக்குள் இருந்தது. மலாயாவில், மெர்சிங் ஆற்றங்கரையில் பாதி ஊர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கப்பலில் என் பெண்சாதி காத்தாயி இருந்தாள். பிறந்து ஏழு வருஷமாகியும் நான் ஒரு தடவைகூடப் பார்க்காத என் மகள் பொன்னம்மாளும் இருந்தாள். கப்பல் மூன்றாவது முறை ஊதினால் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கடல் மூடும் மழைக்காலத்துக்கு முன்னால் வருகிற கடைசிக் கப்பல் அது. அப்படியே வடக்கே திரங்கானுவுக்குப் போய்விடும். மலாய் ஒரு வார்த்தை தெரியாத பெண்பிள்ளை, கையில் ஒரு குழந்தையோடு அங்கே இறங்கி யாரைப் போய்க் கேட்பாள்?

போன வாரம் இந்தத் தொடரில் பஸ்ரா துறைமுகத்து வெயிலில் உங்களை விட்டுவிட்டுப் போனேன். அதற்குப் பின்னால் நடந்ததை வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் இந்தச் சேறுதான் முதலில் வருகிறது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வரிசை எனக்கு எப்போதும் கைவந்ததில்லை.

குண்டூசிச் சட்டை

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்ததும் எங்களைச் சிங்கப்பூரில் இறக்கிவிட்டார்கள். ஊருக்குப் போக டிக்கட் வரிசையில் நின்றேன். பக்கத்து வரிசையில் ஜொகூருக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கால் அந்த வரிசைக்குப் போய்விட்டது. ஏன் என்று காத்தாயி பிற்பாடு பல தடவை கேட்டிருக்கிறாள்.

ஊருக்குப் போகவில்லையே என்று மனம் குத்தியது. படமாவது அனுப்பலாம் என்று ஒரு படக்கடைக்குப் போனேன். கடைக்காரன் சீனன். சுவரில் கடல் வரைந்து வைத்திருந்தான். ஒரு ஆணியில் கப்பல் அதிகாரி போடுகிற வெள்ளைச் சட்டை தொங்கியது. தங்க நிறப் பித்தான்கள். வாடகைக்குத் தருவானாம். என் தோளுக்குப் பற்றவில்லை. முதுகுத் தையலைப் பிரித்துக் குண்டூசி குத்திச் சரிசெய்தான். மூச்சு விட்டால் ஊசி குத்தும். அதனால்தான் படத்தில் அவ்வளவு விறைப்பாக நிற்கிறேன்.

கூடவே ஒரு கடிதம். "நான் கப்பலில் சுக்கான் பிடித்தேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். படத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றுதான்.

உண்மை என்னவென்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சண்டைக்குப் பட்டாளம் ஏற்றிப் போன கப்பலின் அடித்தட்டில் நாலு வருஷம் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவன் நான். சண்டையில் இருந்தேன், சண்டையைப் பார்த்ததில்லை. கடலில் இருந்தேன், கடலைப் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங்கில் ஒரு மரவாடியில் கட்டை உருட்டும் வேலை கிடைத்தது. இனி நெருப்புப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். கூட வேலை செய்த வீராசாமி, படத்தின் இன்னொரு பிரதியை என் பெட்டியில் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து ஊரில் எனக்குக் 'கப்பக்காரண்ணே' என்று பெயர். "எங்கண்ணன் சண்டக் கப்பல ஓட்டுனவரு லா" என்று மலாய்க்கார 'லா' போட்டுக் காப்பிக்கடையில் அவன்தான் ஆரம்பித்தான். நான் மறுக்கவில்லை. மறுக்காததோடு நிற்கவும் இல்லை. செங்கடலில் எதிரியின் குண்டுக்கு நடுவில் சுக்கானைத் திருப்பிய கதையை நானே மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறேன்.

நெய் எரிந்த நாள்

செங்கடல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்.

ஒரு நாள் பகலில், நீர்மூழ்கி துரத்துகிறது என்று மேலே கூச்சல். ஓடு, ஓடு என்று குழாய் வழியாகக் கத்துகிறார்கள். எங்களிடம் இருந்த கரி மட்டம். தூளும் கல்லும். நீராவி அழுத்தம் காட்டும் முள் ஏற மாட்டேன் என்கிறது. இஞ்சினீயர் துரை உக்கிராணத்திலிருந்து நெய் டின்களைக் கொண்டுவரச் சொன்னார். டின் டினாக அடுப்பில் கொட்டினோம். எனக்குப் பக்கத்தில் நின்ற மலபார்க்காரர் அழுதுவிட்டார். பயத்தில் இல்லை. அவர் வீட்டில் நெய்யைக் கண்ணால் பார்த்து எவ்வளவு காலமோ. ஆனால் முள் ஏறியது. கப்பல் முழுக்கப் பொங்கல் வாசனை. நீர்மூழ்கி நிஜமாகவே வந்ததா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அடித்தட்டில்தான் கற்றேன். அடுப்புக் கதவைக் கண்டபடி திறக்கக் கூடாது. கப்பல் நம் பக்கம் சாயும்போது திறந்தால் தணல் மொத்தமும் நம் காலில் கொட்டும். என் இடது முழங்காலுக்குக் கீழே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. ஆகவே உள்ளங்காலால் அலையைப் படிக்க வேண்டும். தளம் தூக்கும். கொஞ்சம் நிற்கும். இறக்கும். இறக்குகிற நேரத்தில் திற, போடு, மூடு. பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வும் காலுக்குத் தெரியும். கடலைப் பார்க்காமலே நாலு வருஷம் நான் கடலைத் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்

இனி சேற்றுக்கு வருவோம்.

அன்று காலையில்தான் சிங்கப்பூரில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரரின் கடிதம் வந்தது. காத்தாயியையும் பிள்ளையையும் கரையோரக் கப்பலில் ஏற்றிவிட்டேன், இறக்கிக்கொள் என்று எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கப்பலின் முதல் ஊதல் கேட்டது. மரவாடியிலிருந்து ஆற்றங்கரைவரை ஓடினேன். ஒரு காலில் செருப்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மெர்சிங்கில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு. கப்பல் வெளியே நிற்கும். ஒரு கம்பனியின் நீராவி லாஞ்சு போய் ஆட்களை இறக்கி வரும். அதன் தைக்கோங், அதாவது சுக்கான் பிடிக்கிறவர், பா அவாங். ஐம்பது வயது மலாய்க்காரர். லாஞ்சுக்குப் பொறுப்பு கம்பனியின் கணக்குப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக் கிராணியார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, அன்றைக்கும் கஞ்சி போட்டு மொடமொடவென்று.

பா அவாங் படித்துறையில் குந்திப் புகை பிடித்துக்கொண்டிருந்தார். போக முடியாதாம். மழைக்காற்று பிடித்துவிட்டது, திட்டின் மேல் அலை உடைகிறது.

"பொயிலர்க்காரனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல்" என்றார் கிராணியார். "நெருப்பு ஒழுங்கா இல்லாமல் திட்டைத் தாண்டேலாது எண்டு இவர் சொல்லுறார். தபால் மூட்டை கிடக்கு. நான் என்ன செய்ய?"

இந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'நெருப்பு நான் போடுகிறேன்' என்று.

வாயைத் திறப்பதற்குள் வீராசாமி முந்திக்கொண்டான். "மலாய்க்காரரு பயந்தா பயப்படட்டும் லா! எங்கண்ணன் சண்டக் கப்பலுக்கே சுக்கான் புடிச்சவரு. நீங்க ஏறுங்கண்ணே! பொஞ்சாதி புள்ளைய நீங்களே போய்க் கூட்டியாங்க!"

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். நான் ஏறிவிட்டேன். ஏறாமல் எப்படி இருப்பது என்று அப்போது தெரியவில்லை.

வீராசாமி அடுப்பில் நாலு கட்டையைத் திணித்தான். கிராணியார் தபால் மூட்டையோடு தயங்கித் தயங்கி ஏறினார். நான் சுக்கானைப் பிடித்தேன். இடது பக்கம் திருப்பினேன், நகர்ந்துகொண்டிருந்த லாஞ்சு திரும்பவில்லை. இன்னும் திருப்பினேன். அப்போதும் இல்லை. முழுக்கத் திருப்பினேன். அப்புறம்தான் அது முதல் திருப்பலுக்கே பதில் சொல்ல ஆரம்பித்தது. சாவகாசமாகச் சுழன்று, அக்கரைக் கண்டல் மரங்களுக்கு நடுவே சேற்றில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இருநூறு அடிகூடப் போயிருக்க மாட்டோம்.

அப்போதுதான் இரண்டாவது ஊதல்.

"அப்ப அந்தப் படம்?"

கை தட்டியவர்கள் சத்தத்தைக் காணோம்.

"என்னண்ணே, நீரோட்டமா?" என்றான் வீராசாமி, தலையை வெளியே நீட்டி. எனக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறான், பாவம்.

எனக்கு அந்த நிமிஷத்தில் ஊரின் மரியாதை ஞாபகம் வரவில்லை. நங்கூரச் சங்கிலி சுற்றுகிற சத்தம்தான் காதில் கேட்டது. நிஜமாகக் கேட்டதோ, நானே நினைத்துக்கொண்டேனோ.

"நான் சுக்கான் புடிச்சதே இல்லடா" என்று கத்தினேன். கரைக்கும் கேட்டிருக்கும். "நாலு வருஷமும் அடியில கரி போட்டவன். சுக்கான இன்னிக்குத்தான் தொட்டுப் பாக்குறேன்."

"அப்ப அந்தப் படம்?"

"வாடகச் சட்டை."

வீராசாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு நல்ல கோழியைப் பறிகொடுத்தவன் முகம்.

அதற்குள் பா அவாங் ஒரு தோணியைத் துழாவிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். நான் என்ன கத்தினேன் என்று கேட்டார். கிராணியார் மலாயில் சொன்னார். பா அவாங் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அலமாக், தம்பி!" என்றார், 'அட கடவுளே' என்கிற மாதிரி. மிச்சத்தை மலாயில் சொன்னார். "காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது நெருப்புப் போடத் தெரிந்த ஒரு ஆளைத்தான்!"

தாவி ஏறிச் சுக்கானைப் பிடித்தார். நீர் ஏறுகிற நேரம். நானும் வீராசாமியும் நீளக் கழிகளால் உந்தினோம். மூன்றாவது உந்தலில் சேறு விட்டது. நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கீழே குதித்தேன். செய்த சத்தியம் போயிற்று. அடுப்புக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்வது! என் வீட்டு வாசற்படியில் கால் வைத்த மாதிரி இருந்தது.

கம்பனிச் சாமான்

கட்டைகள் மழையில் ஊறியவை. புகைகிறது, எரியவில்லை. முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. மேலே பா அவாங் தளத்தைக் காலால் உதைத்தார். திட்டு வந்துவிட்டது, வேகம் வேண்டும்.

சுற்றிப் பார்த்தேன். மூலையில் நாலு சாக்கு மூட்டைகள். தோட்டத்திலிருந்து வந்த ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்து மூட்டை கட்டி அனுப்புவார்கள். எனக்கு நெய் டின் ஞாபகம் வந்தது. ஒரு மூட்டையைக் கிழித்தேன்.

கிராணியார் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன காணும் செய்யிறீர்? அது கொம்பனிச் சாமான்!"

"உங்க தபால் மூட்டைய எரிக்கட்டுமா, கிராணியாரே?"

"ஐயோ! அதைத் தொடாதேயும்!"

"அப்ப கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு உண்மையாகவே திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

தளம் தூக்கியது. நின்றது. இறக்கியது. திற, போடு, மூடு. ரப்பர் பிடித்துக்கொண்டு இரைந்தது. கறுப்புப் புகை கதவிடுக்கில் வந்து முகத்தில் அப்பியது. பிசின் மாதிரிப் பிசுபிசுத்த கரி. முள் ஏறியது. ஒரு பெரிய அலை. இன்னொன்று, அடுப்பும் நானும் ஒன்றாகச் சாய்ந்தோம். மூன்றாவது. வீராசாமி முருகனைக் கூப்பிட்டான். அதற்குப் பிறகு காலுக்குத் தெரிந்தது, ஓய்கிறது. "இப்ப!" என்று நான் கத்துவதற்கும், பா அவாங் மேலே இரண்டு தரம் உதைப்பதற்கும் சரியாக இருந்தது. அவர் கண்ணால் பார்த்ததை நான் காலால் பார்த்திருந்தேன். நீராவியை முழுக்கத் திறந்துவிட்டேன். லாஞ்சு அம்பு மாதிரிப் பாய்ந்தது. தாண்டிவிட்டோம்.

நாலு பாதம்

கப்பலின் பக்கவாட்டில் லாஞ்சு குதித்துக்கொண்டு நின்றது. மேலே போகத் துடித்தேன். முடியாது. நெருப்பை விட்டால் திரும்பி வர முடியாது. கீழறையின் திறப்பு வழியாக ஒரு முழம் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. நூலேணியின் கடைசி இரண்டு படிகள் மட்டும்.

முதலில் ஒரு செட்டியாரின் பாதம். அப்புறம் இரண்டு சீனர்கள். அப்புறம், மெட்டி போட்ட ஒரு பாதம். இரண்டாம் விரல் வளைந்த பாதம். கல்யாணமான வருஷம் உலக்கை விழுந்து உடைந்த விரல். காத்தாயி. அந்தக் கால் படியைத் தேடித் தடவியது. கண்டுபிடித்தது. இறங்கியது.

அதன் பின்னால் யாரோ தூக்கி இறக்கிய இரண்டு சின்னப் பாதங்கள். ஒன்றில் தண்டை, மற்றதில் இல்லை. அவளைப் பற்றி நான் முதன்முதலாகப் பார்த்தது அதைத்தான்.

ஓடிப்போய்த் திறப்பில் பாதி உடம்பை நீட்டினேன். பிள்ளை என் பக்கம் பார்க்கவே இல்லை. நேரே ஓடி, வெள்ளைக் கோட்டுப் போட்ட கிராணியாரின் காலைக் கட்டிக்கொண்டது.

"அப்பா!"

கிராணியார் கல்யாணமாகாதவர். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் மேலே தூக்கிவிட்டார். "ஐயோ, நானில்லைப் பிள்ளை! கொப்பர் அங்க, கீழ நிக்கிறார்!"

பொன்னம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே துணி இல்லாமல், கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கறுப்பாக நின்றேன்.

"இவரு இல்ல" என்றாள். "எங்கப்பாவுக்கு வெள்ளச் சட்ட. படம் இருக்கு எங்கிட்ட."

மூன்றாவது ஊதல் எங்கள் தலைக்கு மேலே அலறியது. நான் கீழே போய்விட்டேன். திரும்பும் வழிக்கு முள் ஏற வேண்டும். அழக்கூட நேரமில்லை.

நகத்துக் கரி

திரும்பும்போது மழை பிடித்தது. காத்தாயி பிள்ளையை இழுத்துக்கொண்டு திறப்பின் படியில் வந்து உட்கார்ந்தாள். சூடு இருக்கும் இடம் அது ஒன்றுதான். ஏழு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது.

"என்னங்க நாத்தம் இது?"

"ரப்பர் பாலு" என்றேன். அடுத்த மூச்சிலேயே, "காத்தாயி, நான் சுக்கான் புடிக்கிறவன் இல்ல" என்றேன்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"படம் வந்த அன்னிக்கே தெரியும். நகத்துக் கண்ணு பூரா கரி. வெள்ளச் சட்டக்காரனுக்கு எப்படி வரும்? புள்ளைக்குச் சட்ட புடிச்சிருந்துச்சி. சொல்லல." பிள்ளையின் ஈரத் தலையைச் சேலையால் துவட்டினாள். "ஏழு வருஷம் ஏன் வரலன்னு மட்டும் தெரியல. அத வீட்டுல போயிப் பேசிக்குவோம்."

பேசிக்கொண்டோம். பல வருஷம் பேசிக்கொண்டோம்.

பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டு அடுப்பையே பார்த்தாள். திட்டு நெருங்கியது. பின்னாலிருந்து வரும் அலை ஆபத்தானது, தூக்கிக் கவிழ்த்துவிடும். காலை ஊன்றிக் காத்திருந்தேன்.

"ஏன் போடாம நிக்கிற?" என்று என்னைக் கேட்டாள்.

"தரை தூக்குது. எறங்கட்டும். கால வெச்சுப் பாரு, தெரியும்."

படியிலிருந்து இறங்கி, தண்டை இல்லாத காலைத் தளத்தில் வைத்தாள். லாஞ்சு எழும்பியது. கண்கள் விரிந்தன. "தூக்குது!" இறங்கியது. நான் போட்டு மூடினேன். அடுத்த அலைக்கு இரண்டு காலையும் வைத்தாள். "தூக்குது! ஏய், தூக்குது!" மேலே செட்டியார் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கிராணியார் கந்தசஷ்டி வேலவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். திட்டைத் தாண்டியது எனக்கு நினைவே இல்லை.

கரையில் பாதி ஊர் முழு ஊராகியிருந்தது. வீராசாமி முதலில் குதித்தான். "எங்கண்ணன் நெருப்புல நின்ன மாதிரி எவன் நிப்பான் லா!" என்று அங்கேயே தொடங்கிவிட்டான்.

வெந்நீர்ப் பானை

வீட்டுக்கு வந்து காத்தாயி வெந்நீர் வைத்தாள். ரப்பர்க் கரி லேசில் போகாது. தேங்காய் எண்ணெய் தடவி, நார் போட்டுத் தேய்த்து, ஒரு சோப்பு முழுக்கத் தீர்ந்தது. என்றாவது அவர்கள் வரும் நாளுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைவாரி, படத்தில் நின்ற மாதிரியே விறைப்பாக உள்ளே வந்து நின்றேன். இந்தச் சட்டையில் குண்டூசி இல்லை.

பொன்னம்மாள் கையில் படம் இருந்தது. என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா எங்கம்மா?"

"அந்தா நிக்கிறாரு பாரு."

"இது இல்ல. அந்த நெருப்பு அப்பா."

காத்தாயி மூலையில் கவிழ்த்திருந்த வெந்நீர்ப் பானையைக் கண்ணால் காட்டினாள்.

போய்க் குந்தினேன். பானையின் அடியில் இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்து, நெற்றியிலிருந்து தாடைவரை பூசிக்கொண்டு எழுந்து திரும்பினேன். பித்தான் பக்கமெல்லாம் கரி.

பிள்ளை சேலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். மெதுவாக வந்தாள். என் பாதத்தின் மேல் தன் இரண்டு பாதத்தையும் ஏற்றி வைத்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் குதிகாலை மெல்ல உயர்த்தினேன்.

"தூக்குது" என்றாள்.